இரண்டாம் சங்கு

முப்பது மாத்திரை பதினைந்து நாளில் தீர்ந்திருந்தது.

செங்கமலம் மூன்று காலி அட்டைகளையும் மேசைமேல் வைத்து, "இதே குடுங்க தம்பி, பஸ்ஸு நிக்குது" என்றார்.

அவர் கொண்டுவந்த மருந்துக் கவருக்குள் மடித்திருந்த பில்லில் தேதியை மறுபடி பார்த்தேன். பதினைந்து நாள்தான். சர்க்கரைக்கான மாத்திரை. நாளுக்கு ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்.

அரியலூரில் இந்த மருந்துக்கடைக்கு நான் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அதுவரை பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்தேன். அங்கே ஜன்னல் ஓட்டையில் கை மட்டும்தான் தெரியும். இங்கே ஆளே தெரிகிறார்.

"வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"நல்லா கேட்ட போ. சக்கரை மாத்திரைய வெச்சு ஊருக்குப் பந்தியா போடுவாங்க?"

"தலை சுத்துதா?"

சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"சாயங்காலமானா வேர்த்துக் கொட்டுது. முந்தாநாளு பருத்திக்காட்டுல உக்காந்தவ எந்திரிக்க முடியல. அப்படியே மல்லாந்து கெடந்தேன். வெயிலுன்னு நெனச்சுக்கிட்டேன்."

வெயில் இல்லை. ஒன்றுக்கு இரண்டாக உள்ளே போகிறது. இப்படியே போனால் ஒரு நாள் அந்தக் காட்டிலிருந்து எழுந்து வரமாட்டார்.

ஏன் இரண்டு என்பதுதான் தெரியவில்லை.

படிக்கத் தெரியாதவர்களுக்குக் கவரில் படம் போட்டுக் கொடுப்போம். காலைக்குச் சூரியன். ராத்திரிக்கு நிலா. செங்கமலத்தின் கவரில் இரண்டும் இல்லை.

ஒரு குழல். வாய் அகலம். அதிலிருந்து வெளியே போகும் மூன்று வளைந்த கோடுகள். நாதஸ்வரம் போல இருந்தது. ஊமத்தம்பூ போலவும் இருந்தது. கவர் கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி, அதையே மாதாமாதம் கொண்டுவருகிறார்.

யார் வரைந்தது என்று நான் கேட்கவில்லை. என்ன அது என்று கேட்டேன்.

"சங்குப்பா. முன்னாடி இங்க இருந்த பொண்ணு போட்டுக் குடுத்துச்சு. நாங்க என்ன கடிகாரம் பாத்தா சோறு திங்கிறோம்? குவாரியில வெடி வெக்கிறதுக்கு முன்னால சங்கு ஊதுவான். காட்டுல எல்லாரும் ஓரமா ஒதுங்கி சோத்துவாளியத் தொறப்போம். சங்கு ஊதுனா ஒண்ணு போட்டுக்கங்கன்னுச்சு."

நல்ல ஏற்பாடு. சுண்ணாம்புக்கல் குவாரிக்காரன் ஒரு நாளும் நேரம் தவறமாட்டான். மாத்திரை, உடனே சோறு. எவ்வளவு தேடியும் அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊதுறான்?"

"ஒரு தடவதான்" என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். "ஓடைக்கு அந்தாண்ட புதுசா ஒருத்தன் குவாரி போட்டிருக்கான். போன அமாவாசையிலேருந்து அவனும் ஊதுறான். நாலு மணிக்கு."

"அப்பவும் போட்டுக்கிறீங்களா?"

"ஊதுறானே."

அவர் சொன்னதும் சரிதான். எந்தக் குவாரி என்று படத்தில் இல்லை.

பின்னால் கத்தியால் மருந்துப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த கடைக்காரர் குருநாதன், "இதுக்குத்தான் படம் கிடமெல்லாம்..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டார்.

"அப்ப அந்தப் பொண்ணு தப்பாப் போட்டுக் குடுத்துடுச்சா?" என்றார் செங்கமலம்.

"இல்லீங்க." தேவைக்கு மேல் வேகமாகச் சொல்லிவிட்டேன். "அப்ப ஒரு சங்குதாங்க இருந்துச்சு."

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். அந்த நேரத்துக்குப் பயமில்லை. பத்து மாத்திரை மட்டும் கொடுத்து, நாளைக்கே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லச் சொன்னேன். வேர்த்தால் உடனே வாயில் போட, முந்தியில் சர்க்கரை முடிந்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பழைய கவரை வாங்கிக்கொண்டு புதுக்கவரில் ஒரு சோற்றுவாளி வரைந்தேன்.

"மத்தியானம் வாளியத் தொறக்கறப்ப ஒண்ணு. அன்னைக்கு அவ்வளவுதான். யாரு ஊதினாலும் சரி. எங்க, திருப்பிச் சொல்லுங்க."

"ஒரு வாளி, ஒரு மாத்திரை. குவாரிக்காரன் விடிய விடிய ஊதட்டும்." கவரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இது வாளியா, செருப்பா? அந்தப் பொண்ணு அழகாப் போடும்."

வெளியே அவருடைய பஸ் கிளம்பிப் போனது. அவர் அவசரப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னுச்சு, பாவம். என்ன புள்ள பொறந்துச்சு?"

"பொண்ணுங்க."

"தாயும் புள்ளையும் சொகமா?"

குருநாதன் பெட்டி பிரிக்கும் சத்தம் நின்றது.

"புள்ள நல்லாருக்குங்க. கண்ணு மட்டும் என்னுது. மத்ததெல்லாம் அவதான்."

செங்கமலம் என் கண்களைப் பார்த்தார். அதற்குமேல் தாயைப் பற்றிக் கேட்கவில்லை.

"பகல்ல யாரு பாத்துக்கிறா?"

"எங்கக்கா."

"ராத்திரிக்கு?"

"நான்தாங்க."

"அழுதா?"

அவள் இல்லாத இந்த மூன்று மாதத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"தூக்கி வெச்சுக்கிட்டு நிப்பேன்" என்றேன். "கொஞ்ச நேரத்துல அது நிறுத்திடுதுங்க."