நோயாளி எண் 214

"இது ஓட்டை இல்ல எலிசோ, காத்துக் குமிழி. ஆசைப்படாதே."

கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு, லமாரா அதைக் கழிவு வாளியில் போட்டாள். எலிசோ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இது பதினேழாவது மண்.

எலிசோவின் கணவருக்குச் சர்க்கரை நோய். காலில் வந்த புண் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம், அதற்குமேல் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த ஒரே வழி, ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் இருந்த இந்த ஆய்வுக்கூடம். புண்ணில் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் எங்காவது மண்ணுக்குள் இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் கால் பிழைக்கும். கூடத்தின் சேமிப்பில் இருந்த வைரஸ் எதற்கும் அந்தப் பாக்டீரியா மசியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குப்பியில் பெயர் கிடையாது, 214 என்ற எண் மட்டும்தான். அதுதான் இங்கே வழக்கம். எலிசோவும் பெயரைச் சொல்லவில்லை. லமாராவும் கேட்கவில்லை.

ஆற்றங்கரை, மாட்டுத் தொழுவம், சந்தைக்குப் பின்னால் சாக்கடை ஓரம் என்று எலிசோ தினமும் மண் கொண்டுவந்தாள். லமாரா அதை ஊறவைத்து, வடிகட்டி, 214-இன் பாக்டீரியாவோடு கலந்து தட்டில் ஊற்றுவாள். மறுநாள் பாக்டீரியா பாலாடை போலப் படர்ந்திருக்கும். நடுவே ஊசி குத்தியதுபோல ஓட்டைகள் தெரிந்தால் வைரஸ் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாளும் தெரியவில்லை.

மண்ணோடு சுடச்சுடக் கச்சாபூரியும் வரும், சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி. லமாரா அதைத் தொட்டதே இல்லை. வயிறு சரியில்லை என்பாள். மற்றவர்கள் தின்று தீர்ப்பார்கள். ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கும்போது இந்த முதுகுவலியோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொன்னபோதும் அவள் கேட்கவில்லை.

"போதும் அக்கா, விட்டுடலாம். உங்க முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருக்கு" என்றாள் எலிசோ.

"என் முகம் பல வருஷமா இப்படித்தான் இருக்கு. நாளைக்குக் கோழிக்கூண்டு மண்ணைக் கொண்டா. மேலாக அள்ளாதே, ஈரமா இருக்கிற இடத்துல தோண்டு."

அந்த மண்ணில்தான் ஓட்டைகள் விழுந்தன, கடுகு கடுகாக. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மண் சேர்க்காத தட்டில் ஓட்டை எதுவும் இல்லை. எலிசோ அழுதாள். லமாரா சிரிக்கக்கூட இல்லை. ஒரு ஓட்டையைக் கிள்ளியெடுத்து மறுபடி வளர்த்தாள். வேறெதுவும் கலந்துவிடக் கூடாதென்று மூன்று முறை அதையே செய்தாள். நுண்ணோக்கிப் படத்தில் நீண்ட வாலோடு வைரஸ் தெரிந்தது. பாக்டீரியாவுக்குள் ஒளிந்து தூங்கும் ரகமல்ல, கொல்லும் ரகம்தான் என்று மரபணுச் சோதனையும் சொன்னது. வியாழன் மாலை முதல் குப்பி ஆஸ்பத்திரிக்குப் போனது.

மூன்று வாரத்தில் புண் ஆறத் தொடங்கிவிட்டது. இனி கத்தி வேண்டாம், வீட்டிலேயே மீதி மருந்தைக் குடிக்கட்டும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

குப்பிகளை வாங்க வந்த எலிசோ, லமாராவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லமாரா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்க வேண்டும், ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது என்று விளக்கினாள்.

எலிசோ கதவருகே போனதும் மறுபடி கூப்பிட்டாள்.

"குடிச்சாச்சுன்னு சொன்னா நம்பிடாதே. பூந்தொட்டியில ஊத்திட்டு வாயைத் துடைச்சுக்குவார். எதிர்ல நின்னு குடிக்க வை. உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி, பத்தொன்பது வருஷம் நான் அப்படித்தான் குடிக்க வச்சேன்."