கதவுக்கு அந்தப் பக்கம்

“கதவைத் திறம்மா! ஈரக் கையோட எவ்வளவு நேரம்தான் நிக்கிறது?”

“நிக்கிறது உங்க இஷ்டம், திறக்கிறது என் இஷ்டம்.”

பதிலைச் சொல்லிவிட்டு, பொடிசு கதவிலிருந்த கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். வெளியே ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர். வழுக்கைத் தலை, பனியன், முட்டிவரை சுருட்டிவிட்ட பேண்ட், கையில் ஒரு காலி வாளி.

பொடிசு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, இந்தப் பெரிய நகரத்துக்கு இன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள். கூடத் தங்கப்போகும் சீனியர் அக்காவுக்கு வகுப்பு. “சாவி செருப்பு ஸ்டாண்டுல இருக்கு, திறந்து உள்ள போ” என்று போனில் சொல்லியிருந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டடம். இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு, நாக்குத் தள்ள மாடியேறி வந்து பார்த்தால், சாவிக்கு வேலையே இல்லை. கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது.

‘என்ன அலட்சியம்!’ என்று அக்காவை மனசுக்குள் திட்டிக்கொண்டே நுழைந்தவள், மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், சங்கிலி என்று ஒன்று விடாமல் போட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அவள் கதவைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய சித்தப்பா போலீஸ்காரர். “இவளாவது, தனியா இருக்கிறதாவது! திருடன் வந்து தட்டினாலும், வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுப்பா” என்று அப்பாவின் மனசைக் கலைத்ததே அவர்தான். அழுது அடம்பிடித்த பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சித்தப்பா எப்போது வேண்டுமானாலும், எந்த வேஷத்திலும் ஓர் ஆளை அனுப்புவார். ஏமாந்து கதவைத் திறந்தால், பொடிசு மூட்டை முடிச்சோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

முதல் நாளே அனுப்பிவிட்டாரே! பொடிசுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“சரி, நீங்க யாரு?”

“நானா? வீட்டுக்காரன்மா!”

“அப்படித்தான் சொல்லச் சொன்னாரா?”

“யாரு?”

“சித்தப்பா.”

“எந்தச் சித்தப்பா? யாரோட சித்தப்பா?”

“அடடா, என்ன நடிப்பு! அந்த வாளி யாரோட யோசனை? உங்களோடதா, அவரோடதா?”

அவர் வாளியைப் பார்த்தார். “மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன்மா.”

“பனியன்கூடப் பொருத்தமாத்தான் இருக்கு. கொஞ்சம் அழுக்காக்கியிருந்தா இன்னும் நம்பற மாதிரி இருந்திருக்கும்.”

அவர் குனிந்து பனியனையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அம்மா தாயே, உன் கால்ல வேணும்னாலும் விழறேன், திற!”

“அதெல்லாம் பழசு. கேட்டா மனசு இளகற மாதிரி வேற எதாவது சொல்லுங்க பார்ப்போம்.”

“முட்டி வலிக்குதும்மா.”

“ஊஹூம், பத்தலை.”

வெற்றியைச் சுடச்சுடச் சொல்ல, சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

“சித்தப்பா, உங்க ஆள் வாசல்ல காயறார். நான் பாஸா?”

“எந்த ஆளு?”

“அதான், வாளிக்காரர்!”

சித்தப்பாவின் குரல் சட்டென்று மாறியது. “பொடிசு, நான் இன்னும் யாரையும் அனுப்பலை. எக்காரணம் கொண்டும் கதவைத் திறந்துடாதே!”

இவ்வளவு நேரமும் நிஜத் திருடனிடமா வாயாடிக்கொண்டிருந்தாள்? வாளி எதற்கு என்று இப்போதல்லவா புரிகிறது, அள்ளிக்கொண்டு போக! ஓடிப்போய் மேஜையைப் பிடித்து இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அதன்மேல் ஒரு பெட்டியையும் தூக்கி வைத்தாள்.

“உள்ள என்னம்மா இழுக்கிற? தரையெல்லாம் கீறல் விழும்!” என்று வெளியே இருந்து ஓர் அலறல்.

திருடனுக்குத் தரைமேல் என்ன இவ்வளவு அக்கறை என்று யோசிக்கவெல்லாம் அவளுக்கு நேரமில்லை. போனில் அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, வாசல்ல திருடன்!”

“என்னது! பயப்படாதே, நான் கீழே கேட்டுக்கே வந்துட்டேன். வாட்ச்மேனையும் கூட்டிட்டு வரேன். போனை மட்டும் வைக்காதே.”

போனில் தடதடவென்று படியேறும் சத்தம். அக்காவுக்கு மூச்சிரைத்தது. வாட்ச்மேன், “எவன்டா அது?” என்று பூதம் மாதிரிக் கத்தினார். பொடிசுக்கு உயிர் வந்தது.

“சீக்கிரம்கா! அவன் போறதாயில்லை.”

“வாசலுக்கு வந்துட்டோம்டி. இங்க ஈ காக்காகூட இல்லையே!”

பொடிசு மேஜைமேல் எக்கித் துளையில் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான் அவன்.

“இருக்கான்கா! என் கண்ணு முன்னாடியே உட்கார்ந்திருக்கான்!”

போனில் சாவி திரும்பும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. ஆனால் பொடிசு முட்டுக் கொடுத்து வைத்திருந்த கதவு அசையவே இல்லை.

“ஏய், நான் கதவைத் திறந்து வீட்டுக்குள்ளேயே வந்துட்டேன்” என்றாள் அக்கா. “நீ எங்கடி இருக்கே?”