முதல் தடவை கேட்டபோது

கணவர் சொக்கலிங்கம் பக்கவாதத்தில் விழுந்து பேச்சிழந்த பிறகு, செண்பகவல்லி ஓயாமல் நம்பிக்கொண்டிருந்தாள். விரல் அசைந்தது என்பாள்; என்னைப் பார்த்துச் சிரித்தார் என்பாள். அம்மா இப்படி நம்பி நம்பி நொறுங்குவதைப் பொறுக்காத மகள் கயல்விழி, ஊரெல்லாம் மாட்டிக்கொண்டு திரிந்த, மனதின் நினைப்பைக் கேட்டுப் பிழை சுட்டும் சிந்தனைக் கருவியை அவள் காதிலும் மாட்டிவிட்டாள். மனம் ஆசையின் பக்கம் சாயும்போதெல்லாம் அது மெல்லச் சொல்லும்: "நீங்கள் பார்க்க விரும்புவதைப் பார்க்கிறீர்கள்."

அது சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. டாக்டரும் அதையேதான் சொன்னார். நாளடைவில் செண்பகவல்லி கணவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். உடம்பைத் துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள், கஞ்சி புகட்டினாள். அலுப்பைத் தவிர அவளிடம் வேறொன்றும் மிஞ்சவில்லை.

ஒருநாள் காலை, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால், "தண்ணி" என்று கேட்டது.

கருவி ஒன்றும் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்: 'ஆசைப்படுறதுதான் காதுல விழுது.' திரும்பிப் பார்க்காமல் அடுத்த போர்வையை எடுத்தாள்.

"செம்பா... தண்ணி."

போர்வை கைநழுவியது. ஓடிப்போய்க் கரண்டியால் புகட்டினாள். பாதி கழுத்தில் வழிந்தது. மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"கயலு, அப்பா தண்ணி கேட்டாருடி!"

மகள் கேட்டாள்: "அம்மா, காதுல அத மாட்டியிருக்கியா இல்லையா?"

செண்பகவல்லி போனை அவர் வாயருகே கொண்டுபோனாள். சொக்கலிங்கம் மனைவியையே பார்த்தபடி மூச்சைத் திரட்டிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு... தடவ... கேட்டேன்."