சொல்லி வைத்த சொல்

ஷோரூம் சேல்ஸ்மேன் ராகேஷ் கால்குலேட்டரை மறுபடியும் திருப்பிக் காட்டினான்.

குணசேகரன் அதைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெபாவைத்தான் பார்த்தான். அவள் வாய் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

ஏற்பாடு அவளுடையது. ஆவடி செக்போஸ்ட் தாண்டும்போதே பேசி வைத்தாயிற்று. ஷோரூமில் அவன் ஆசைப்படுகிறவன், அவள் வேண்டாமென்கிறவள். விலை கட்டுப்படியாகும் இடத்துக்கு வந்ததும் அவள் 'என்னங்க' என்று கூப்பிடுவாள். கூப்பிட்டால் அவன் உடனே சரி சொல்லிவிட வேண்டும்.

அவள் அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதனால்தான் அந்தச் சொல். தவறிக்கூட வாயில் வந்துவிடாது.

அவர்கள் கேட்டது பேட்டரியில் ஓடும் லோடு ஆட்டோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று நின்றிருந்தது. ஜெபா சமைக்கும் மதியச் சாப்பாடு அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலைந்து சின்னக் கம்பெனிகளுக்குப் போகிறது. இப்போது பெரிய கம்பெனி ஒன்று கேட்டிருக்கிறது. சொந்த வண்டி இருந்தால்தான் ஆர்டர் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். லோன் இவ்வளவுதான் என்று பேங்க்காரர்களும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வண்டியின் விலை லோனுக்குள் அடங்கியது. அதன் தலையில் ராகேஷ் ஏற்றிவைத்த மூட்டைதான் அடங்கவில்லை. சீட் கவர், மேட், அவர்களே போட்டுத் தரும் இன்சூரன்ஸ், எதற்கென்று அவனுக்கே விளங்காத ஹேண்ட்லிங் சார்ஜ்.

"பூந்தமல்லி ஷோரூம்ல ஹேண்ட்லிங்கே கிடையாதுன்னாங்க," என்றாள் ஜெபா, வண்டிப் பக்கம் திரும்பாமல். "இவருதான் இங்கயே வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"வெள்ள கலரு சூப்பரா கீது," என்று குணசேகரன் அசடு வழிந்தான்.

அதற்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அது தானாக வழியும்.

ராகேஷ் சிரித்தான். சாரை மடக்கியாயிற்று, மேடம்தான் பாக்கி என்கிற சிரிப்பு. முதலில் சீட் கவரை எடுத்தான். ஜெபா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மேட்டை எடுத்தான். ஜெபா எழுந்தே விட்டாள். இன்சூரன்ஸை வெளியில் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வந்து, ஹேண்ட்லிங்கையும் பாதியாக்கி, கால்குலேட்டரைத் திருப்பினான்.

ஜெபா பார்த்தாள். உட்கார்ந்தாள்.

"என்னங்க."

குணசேகரன் சரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பேசி வைத்தபோது அது வெறும் சொல்லாகத்தான் இருந்தது. அவள் குரலில், தன்னைப் பார்த்து, அவ்வளவு சாதாரணமாக வந்து விழுந்ததும் அது வேறு ஏதோவாகிவிட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான்.

ஜெபா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"என்னங்க!"

நிலைமை இன்னும் மோசமாயிற்று.

ராகேஷின் சிரிப்பு மறைந்தது. இவ்வளவு நேரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று ஃபேனைப் பார்த்தால் என்ன அர்த்தம்? மேனேஜர் அறைக்குள் ஓடினான். திரும்பி வந்தபோது ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற ஒன்றே இல்லை.

"இதுக்கு மேல சத்தியமா முடியாது சார்," என்றான்.

சார் இன்னும் ஃபேனை விடவில்லை. ஜெபாவே சரி சொல்லி அட்வான்ஸும் கட்டினாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "சரி சொல்லுங்கன்னா ஃபேனையா பார்ப்பீங்க, டிரைவரே?"

டிரைவரே. மூன்று வருஷமாக அவள் அவனைக் கூப்பிடுவது அப்படித்தான்.

புங்க மரத்தடியில் அவனுடைய பழைய ஆட்டோ நின்றது. அவள் புருஷன் இறந்துபோன பிறகு அண்ணனூரிலிருந்து எஸ்டேட்டுக்கு அவளையும் அவள் சாப்பாட்டுப் பாத்திரங்களையும் தினமும் ஏற்றிப்போகிற ஆட்டோ. ரயில்வே மைதானத்தில் ஞாயிறுதோறும் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். இன்று விலை பேச வந்தவனும் அவன்தான். தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட புத்திசாலி.

பிழைப்பு கிடக்கட்டும், வேறு சவாரி கிடைக்கும். சாம்பார் வாசனையோடு வந்து ஏறி, வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வருகிற சவாரி இனி எங்கே கிடைக்கும்?

ஆனாலும் அவளுக்கு வண்டி வந்துவிட்டது. அந்த சந்தோஷம் அவனுக்கு நிஜமாகவே இருந்தது. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினான்.

"இன்னா மேடம், ஊட்டுக்குத்தானே?"

கண்ணாடியில் பின் சீட் காலியாக இருந்தது. திரும்பினான். அவள் ஏறாமல் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒருமுறை ஷோரூமைத் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. ராகேஷ் இல்லை. காதில் விழும் தூரத்தில் ஒருவருமே இல்லை.

"என்னங்க," என்றாள் ஜெபா.

குணசேகரன் இந்தத் தடவை ஃபேனைத் தேடவில்லை.

"சரி," என்றான்.