குளிர்நீரை விட்டு மேலே வந்தது

நாகப்பட்டினத்தில் தன் வீட்டுக் கூடத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கடலடியில் போட்ட ஒலிவாங்கிகள் வழியாகக் கடலைக் கேட்பதுதான் செண்பகவல்லிக்கு அரசாங்க வேலை. மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் சேரும் இடத்தில் ஒலி வளைந்து போய்விடும். அதற்குக் கீழே பதுங்கும் எதிரி நீர்மூழ்கிகள் யார் காதிலும் விழுவதில்லை. அவை மேலே ஏறினால் அவள் உடனே பொத்தானை அழுத்தி அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சொன்ன மறுநிமிடம் குண்டு பாயும்.

அன்று காலை முதல் அவள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு சத்தம். கவிழ்ந்த விசைப்படகு ஒன்றை யாரோ விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். தகவல் சொல்லியும் மீட்புக் கப்பல் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. தட்டல் ஓய்ந்துகொண்டே வந்தபோது, குளிர்நீருக்குள்ளிருந்து ஒரு நீர்மூழ்கி மேலே ஏறி, நேராக அந்தப் படகிடம் போனது.

செண்பகவல்லியின் விரல் பொத்தான் மேலேயே நின்றது. நீர்மூழ்கியின் இரும்புத் தளத்தில் கால்கள் ஓடுவது கேட்டது. பிறகு துடுப்புச் சத்தம் கரைப்பக்கம் நகர்ந்தது. நீர்மூழ்கி மறுபடி அடியில் இறங்கி மறைந்தது. அப்புறம்தான் பொத்தானை அழுத்தினாள்.

"ஒண்ணு மேல வந்துச்சு சார். இப்ப போயிடுச்சு."

"ஏம்மா அப்பவே சொல்லல?" என்று அதிகாரி கத்தினார்.

"சொல்லியிருந்தா குண்டு போட்டிருப்பீங்க. நம்ம மீன்காரங்களைத்தான் சார் அது காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. ரப்பர் படகு குடுத்து அனுப்பியிருக்கு."



"நாளையிலேர்ந்து உனக்கு வேலை இல்லம்மா" என்றார் அதிகாரி. குரல் தணிந்திருந்தது. "ஆனா அவங்க கரை சேர்ற வரைக்கும் ஹெட்போனைக் கழட்டிடாதே."