இருளர் நாள் விடுமுறை

நகரத்தில் முதல் இருளர் நாள். அன்று இருளர் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். பாம்பு பிடிக்கும் கன்னியப்பன், மனைவி மகளோடு கடற்கரைக்குப் புறப்படும்போது மேயர் போனில் அழைத்தார்.

"கன்னியப்பா, விழா மேடைக்கு அடியில நல்ல பாம்பு. ஓடி வாப்பா!"

"வந்தா எம்மேல கேஸாயிடுமே சார்?"

"அப்போ கம்பால அடிச்சிரட்டுமா?"

போகாவிட்டால் பாம்பு சாகும். போனால் மகள் அழுவாள். மனைவி பூங்காவனம் போனைப் பிடுங்கினாள்.

"எங்களை மாதிரியே எலி பிடிச்சுப் பொழைக்குற ஜீவன் சார் அது. இன்னிக்கு அதுக்கும் லீவு. கை வச்சீங்க, கேஸு உங்க மேல!"

இருளரைப் பாராட்டி மேயர் நடுரோட்டில், கொளுத்தும் வெயிலில் நின்று பேசினார். பந்தல் நிழல் மொத்தமும் பாம்புக்கு.