வாத்தைவிட நன்றாகக் கத்திய ஊதல்

ஏரியில் பனி மூடியிருந்தது. கோரைக்குள் ஒளிந்திருந்த வேட்டைக்காரன் வாயிலிருந்த ஊதல் அசல் வாத்துபோலவே கத்தியது. வாத்துகளை ஏமாற்றத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்த மரவாத்து பதறியது.

“போதும், நிறுத்து! எதிர்க்கரையில இன்னொரு வேட்டைக்காரன் இருக்கான். அவனுக்கு நம்ம ஆள் தெரியல. உன் சத்தம்தான் கேக்குது.”

“கேக்கட்டுமே. கேக்கத்தானே கத்துறேன்?”

ஊதல் மறுபடி கத்தியது. எதிர்க்கரையில் கோரை விலகியது. துப்பாக்கிக் குழல் ஒன்று வெளியே நீண்டு, மெல்லத் திரும்பி, சத்தம் வந்த இடத்துக்கு நேராக நின்றது.

“ஐயோ, குறி வச்சுட்டான்! நம்ம ஆள் அப்போலேருந்து இருமலை அடக்கிக்கிட்டிருக்கான். ஒரு தடவை இரும விடு. மனுஷன்னு தெரிஞ்சுடும்.”

“இருமலா? என் மானம் என்னாகுறது?”

வேட்டைக்காரன் ஊதுவதற்காக மூச்சை இழுத்தான். பனிக்காற்று தொண்டையில் ஏறியது. அடக்க முடியாமல் இருமினான். ஊதல் சேற்றில் விழுந்தது.

“யாருய்யா அங்க?” என்று எதிர்க்கரையில் ஒரு குரல் அலறியது. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அங்கே ஒருவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.



“சே!” என்றது சேற்றில் கிடந்த ஊதல். “எவ்வளவு நல்லா வந்துக்கிட்டிருந்தது. இருமிக் கெடுத்துட்டான்.”